ஆதரவற்ற செயல்

பதினோராயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு வள்ளங்கள்
ஒரே ஒரு கோப்புக்குள் கிடக்கின்றன,
உட்துறைமுக வீதிக் கந்தோரில்,
என் மேசைக்குக் கீழே சூடேறும் பெட்டியில்.
போன ஆனியில் நான்தான் கட்டினேன்.
படிவங்களை ஸ்கான் செய்து, அமுக்கி, இறுக்கி,
கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளை.
கட்டும்போது அது முனகக்கூட இல்லை.

இன்று யோவாக்கிம் வந்தார், பாலையூற்றிலிருந்து.
சட்டைப் பையில் நாலாக மடித்த கடிதம்:
அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படவில்லை,
நிலுவை, தண்டம், பதினைந்து நாளைக்குள்.
"பிள்ளை, வள்ளமே இல்லை.
அதில போன தம்பியும் இல்லை.
ஒவ்வொரு தைக்கும் அவன்ர பேருக்கு
கடிதம் மட்டும் வருது.
அந்த ஒண்டை மட்டும் எடுத்துவிடுங்கோ."

ஒன்றை மட்டும்.
அழி என்று எழுதினேன். பக்கத்தில் வள்ளத்தின் இலக்கம்.
எண்டரைத் தட்டினேன்.

வெண்கட்டம் இருமுறை துடித்தது.
பிறகு திரை முழுக்க வாந்தி.
எந்த வரியில் விழுந்தது, அந்த வரியை எது கூப்பிட்டது,
கூப்பிட்டதை எது கூப்பிட்டது என்று
தன் வம்சம் முழுவதையும் ஒப்பித்துவிட்டு
அடியில் இரண்டே சொல் சொல்லிச்
செத்துப்போயிற்று.

"என்னவாம்?"
"ஆதரிக்கப்படாத செயலாம் ஐயா."
அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்,
முப்பது வருட எஞ்சின் இரைச்சல்.
"ஆதரவில்லாத ஆளாமோ?
அது இந்தப் பெட்டி சொல்லியே எனக்குத் தெரியோணும்."

விளக்கப் பார்த்தேன்.
இடம் மிச்சம் பிடிப்பதற்காக
இது முந்தியதைப் போலத்தான், இலக்கம் மட்டும் வேறு என்று
ஒவ்வொரு வள்ளமும் முன் வள்ளத்தைச் சாட்டியே
எழுதப்பட்டிருக்கும் ஐயா,
நடுவில் ஒன்றைப் பிடுங்கினால்
பின்னால் வருகிறதெல்லாம் ஊமை.
வலை மாதிரி என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன்.
சொல்லவில்லை.
"அப்ப முழுக்கக் கொட்டுங்கோ," என்றார்.

சபூரா மூன்றரைக் கிண்ணியா பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.
அவளுடைய கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டு
மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பினேன்.
பழைய டிஸ்க். நின்று நின்றுதான் கொட்டியது.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர் வாசித்தார்.
"திருக்கடலூர் அருளப்பு, இது வித்தாச்சு.
இது சல்லியடியில கவிழ்ந்தது, ஆக்களுக்கு ஒண்டுமில்லை.
இவன் எனக்கு நாலாயிரம் தரோணும்."
அந்த இடத்தில் மட்டும் சத்தமாகச் சிரித்தார்.

பிறகு அந்த இலக்கம்.
திறந்தேன்.
மஞ்சள் படிவம், மூலையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம்.
உரிமையாளர்: செபமாலை தெமியான்.
நிறம் என்ற இடத்தில் நீலம் என்று எழுதி, அதை வெட்டி,
பச்சை என்று எழுதியிருந்தது.
"நீலம்தான் அடிக்க நிண்டவன்," என்றார்.
"கடையில பச்சைதான் கிடந்தது."

மறுபடி கட்டவேண்டும்.
எதை விட்டுக் கட்டுவது என்று திரை கேட்கவில்லை;
நான்தான் எழுதவேண்டும்.
எழுதத் தொடங்கினேன்.
அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார்.
"எல்லாத்தையும் போட்டே கட்டுங்கோ பிள்ளை.
கடிதம் வந்தால் வரட்டும்."
இந்த முறையும் அது முனகவில்லை.

ஐந்தேகாலுக்குக் கந்தோரைப் பூட்டி வெளியே வந்தால்
சைக்கிள் கரியரில் செருகிவிட்டுத்
தண்ணீர் குடிக்கப் போயிருந்தார் மனிதர்,
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
கடிதத்தை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.
முதலில் முத்திரை. பிறகு நிலுவை.
தண்டத்தில் கொஞ்சம் நின்று, கொம்பை ஆட்டி,
பதினைந்து நாளையும் மென்று விழுங்கியது,
எந்த வரியிலும் விழாமல்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று
அவரும் பார்த்தார், விரட்டவில்லை.
"பிள்ளை," என்றார் கொஞ்ச நேரம் கழித்து,
"உங்களிட்டப் பிரதி ஒண்டு கிடக்குந்தானே?"